இரவில் திறந்து காலையில் மூடவும்

ஜன்னல் கண்ணாடி துடைக்க வினிகரும் பழைய செய்தித்தாளும் போதும். கடையில் விற்கிற நீலத் தண்ணீரெல்லாம் சுத்த ஏமாற்று. துடைத்த இடமெல்லாம் கோடு கோடாக நிற்கும். உங்கள் நாற்காலிக்குப் பின்னால் இருக்கிற ஜன்னலைத் திரும்பிப் பாருங்கள், சார்ஜென்ட். தெருவும் மழையும்தான் தெரிகின்றன, கண்ணாடி தெரியவில்லை. அபர்டீனில் இந்தத் தெரு முழுக்கத் தேடினாலும் இப்படி ஒரு ஜன்னலைப் பார்க்க முடியாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. சாண்டி லீப்பர் விஷயம் இந்த ஜன்னலில்தான் ஆரம்பித்தது.

டீ ஆறுவதற்குள் குடியுங்கள். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன்.

இந்தக் கட்டடத்தில் எனக்கு இரண்டு வீடுகள். நான் இருப்பது கீழே இது. இதற்கு நேர் மேலே இருப்பது என் கணவர் டக்ளஸ் உயிரோடு இருந்தபோது வாங்கிப்போட்டது, வாடகைக்கு விடுகிறேன். போன வசந்தத்தில் அதில் சாண்டி லீப்பர் குடிவந்தார். மீன் சந்தையில் பெட்டி தூக்கிப் பிழைத்தவர். மனைவி இறந்துவிட்டாள், ஒரே மகள் கனடாவில். ஆற்றுக்கு அந்தப் பக்கம், டோரியில், நிலக்கரி எரிக்கிற பழைய வீட்டிலேயே ஆயுசைக் கழித்தவர். மாதம் பிறந்தால் வாடகை வந்துவிடும். குடி கிடையாது, சத்தம் கிடையாது. நல்ல ஆள் கிடைத்தார் என்றுதான் நானும் நினைத்தேன்.

பிறகு பார்த்தால், மனிதர் தன் சமையலறை ஜன்னலில் கடற்காகங்களுக்குத் தீனி வைக்கிறார். ரொட்டி ஓரம், மீன் தோல், மாமிசக் கொழுப்பு. இந்த ஊர்க் கடற்காகம் என்ன ரகம் என்று உங்களுக்குத் தெரியாததா. கையில் இருப்பதையே பிடுங்கித் தின்னும். அவர் ஜன்னலில் தின்றுவிட்டு, அதே இடத்தில் நின்று, என் ஜன்னலில் கழித்தன. பச்சையும் வெள்ளையுமாக, நடுவில் செரிக்காத முள்ளோடு, இந்தக் கண்ணாடியில் மேலிருந்து கீழ்வரை வழிந்து காய்ந்தது. நான் இங்கே உட்கார்ந்து காலை ரொட்டி சாப்பிடுகிறவள். வாயில் வைத்ததை அப்படியே தட்டில் துப்பினேன்.

மேலே போய்ச் சொன்னேன். மரியாதையாகத்தான் சொன்னேன்.

"மிஸ்டர் லீப்பர், அதுங்களுக்குத் தீனி போடாதீங்க. என் ஜன்னலெல்லாம் எச்சம்."

"அடடா, தப்புதான் மிஸஸ் ரெனி. காலம் பூரா சந்தையில எங்கூட வேலை பாத்ததுங்க. எனக்காவது பென்சன் வருது, அதுங்களுக்கு யாரு குடுப்பா, சொல்லுங்க?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். அன்றைக்கே வாளியோடு இறங்கிவந்து என் ஜன்னலை அவரே கழுவினார். எந்தத் துணியால் தெரியுமா, அவர் வீட்டுத் தரை துடைக்கிற துணியால். அவர் போனதும் நான் மறுபடி கழுவினேன், இரண்டு முறை. மறுநாள் காலையில் கண்ணாடியில் புதுக் கோடு. கேட்டதற்கு, "மத்ததையெல்லாம் தொரத்திட்டேங்க. இது ஒண்ணே ஒண்ணுதான், கால் நொண்டி, பாவம்" என்றார்.

அன்றைக்கு அவரைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. அதற்கப்புறம் அது மாறவே இல்லை.

வக்கீலைக் கேட்டேன். வாடகை ஒழுங்காகக் கொடுக்கிற ஆளைக் கிளப்ப வேண்டுமானால் சட்டம் ஆயிரம் காரணம் கேட்குமாம். பறவை எச்சமெல்லாம் அதில் சேராதாம். டக்ளஸ் இருந்திருந்தால் கத்தியிருப்பார். எனக்குக் கத்துவது பிடிக்காது.

அக்டோபரில் குளிர் ஆரம்பித்ததும் அவரே என் கதவைத் தட்டினார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, காலணியை மிதியடியில் நன்றாகத் தேய்த்துவிட்டு, வாசலிலேயே நின்றார்.

"மிஸஸ் ரெனி, செவத்தோரமா நிக்குதே வெள்ளைப் பொட்டி, அது எப்படிங்க வேலை செய்யுது? ரெண்டு திருகு இருக்கு. கரி அள்ளிப் போடுற வாயைத்தான் காணோம்."

உங்கள் வீட்டில் காஸ் இருக்கும், அதனால் தெரிந்திருக்காது. இந்தக் கட்டடத்தில் காஸ் கிடையாது, எல்லா வீட்டிலும் குளிருக்கு இந்தக் கரண்ட் பெட்டிதான். உள்ளே கனமான செங்கல். இரவில் கரண்ட் மலிவு. அந்த நேரத்தில் செங்கல் சூடேறும். பகலில் கரண்ட் விலை அதிகம், காஸ் இருக்கிற வீட்டுக்காரர்கள் கரண்டுக்குக் கொடுப்பதைவிடவும் அதிகம். அதனால் இரவில் சேர்த்ததைப் பகலில் செலவு செய்ய வேண்டும். ஒரு திருகு எவ்வளவு சூட்டை உள்ளே வாங்கலாம் என்பதற்கு. இன்னொன்று எவ்வளவு வெளியே விடலாம் என்பதற்கு. அவ்வளவுதான் சூட்சுமம்.

அவரிடம் நான் சொன்னது இது. "படுக்கப் போறப்போ வெளிய விடுற திருகை முழுசா தொறந்துடுங்க. காலைல எழுந்ததும் மொத வேலையா மூடிடுங்க. பகல்ல தொறந்து வெச்சா சூடெல்லாம் வீணாப் போயிடும்."

"ராத்திரி தொற, காலைல மூடு" என்று பாடம் மாதிரி சொல்லிப் பார்த்துக்கொண்டார். "இது கூடத் தெரியாம இருந்திருக்கேன் பாருங்க. ரொம்ப நன்றிங்க."

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறீர்கள். ஆமாம், தலைகீழ். இரவில் மூடி வைக்க வேண்டும், மத்தியானத்துக்கு மேல் திறக்க வேண்டும். நான் அப்படித்தான் செய்கிறேன். இந்த அறை எவ்வளவு கதகதப்பாக இருக்கிறது பாருங்கள், கோட்டைக்கூட நீங்கள் கழற்றிவிட்டீர்கள்.

நான் நினைத்தது ரொம்ப எளிது. பில் வரும். ஆள் மிரள்வார். இந்த வீடு நமக்குக் கட்டுப்படியாகாது என்று தானாகவே வேறு இடம் பார்த்துக்கொண்டு போவார். வக்கீல் வேண்டாம், சண்டை வேண்டாம். ஒருவர் மனதும் நோகாது.

நடந்ததும் முக்கால்வாசி அப்படியே நடந்தது. இரவில் அவர் படுக்கையறை வெந்து போயிற்று. தூங்க முடியாமல் ஜன்னலைத் திறந்து வைத்தார். சூடெல்லாம் கடலுக்குப் போயிற்று. விடிந்தால் செங்கல் சில்லிட்டுக் கிடக்கும். மத்தியானம் பல் கிடுகிடுக்கும். காற்று ஊதுகிற சின்ன ஹீட்டர் ஒன்றை வாங்கிப் பகல் முழுக்க ஓடவிட்டார், பகல் விலையில். கிறிஸ்துமஸுக்கு முன்னால் பில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு என்னிடம்தான் வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"நான் எதையோ தப்பா பண்றேன் போலிருக்கு மிஸஸ் ரெனி. சந்தைக்கே கரண்ட் குடுத்த மாதிரி பில் போட்டிருக்கான்."

ராத்திரி சரியாகத் திறக்கிறீர்களா என்று கேட்டேன். திறக்கிறேன் என்றார். அப்படியானால் பழைய வீடு, சுவர் சூட்டைக் குடிக்கிறது, என்ன செய்வது என்றேன். போய்விட்டார்.

எதிர்வீட்டு ஜெஸ் மட்ச் இங்கேதான் மூக்கை நுழைத்தாள். அவள் உங்களிடம் சொன்னது அத்தனையும் நிஜம். படிக்கட்டில் அவரைப் பிடித்துவைத்துப் பேசியிருக்கிறாள். வீட்டுக்குள்ளேயே தொப்பியும் கையுறையுமாக ஏன் திரிகிறீர்கள் என்று கேட்டு, உள்ளே போய்த் திருகைப் பார்த்துவிட்டு, "யாருய்யா உமக்கு இப்படிச் சொல்லிக் குடுத்தது? தலைகீழா இருக்கே" என்று சரியான முறையைக் காட்டியிருக்கிறாள். வேறு யாராக இருந்தாலும் அவள் சொன்னபடி செய்துவிட்டுப் போயிருப்பார்கள். சாண்டி லீப்பர் அப்படிப்பட்டவர் இல்லை. வீட்டுக்காரியைக் கேட்காமல் வீட்டில் ஒரு திருகைத் திருப்புவது அவருக்கு மரியாதைக் குறைவு. அந்தக் காலத்து டோரி ஆட்கள் அப்படித்தான்.

கதவைத் தட்டினார். கூச்சப்பட்டுக்கொண்டே கேட்டார். "தப்பா நெனச்சுக்காதீங்க. ஜெஸ் என்னமோ ராத்திரி மூடணும்ங்குறாங்க. உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு."

கொஞ்ச நேரம் யோசித்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், யோசிக்காமல் சொன்னதில்லை. அவர் உதடு நீலமாக இருந்தது. மூக்கு நுனியில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது, துடைக்கவே இல்லை. அது எப்போது என் மிதியடியில் விழுமோ என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஜெஸ் வீட்ல இருக்கறது வேற ரகம். உங்களுது பழசு. நான் சொன்ன மாதிரியே செய்யுங்க" என்றேன்.

அவர் முகம் தெளிந்துவிட்டது. "அதானே பாத்தேன். நீங்க போயி தப்பா சொல்வீங்களா" என்றார். ஜெஸ்ஸிடம் போய், பாவம் அவங்களுக்குத் தெரியல, என் பொட்டி வேற என்று என் பக்கம் பேசியிருக்கிறார். இதையும் ஜெஸ்தான் சொன்னாள், அழுதுகொண்டே. அவள் எதற்கெடுத்தாலும் அழுவாள்.

ஜனவரியில் அவர் எல்லாவற்றையும் சுவர் சுவிட்சிலேயே அணைத்துவிட்டார். வெள்ளைப் பெட்டி, ஊதுகிற ஹீட்டர், குளிக்கிற வெந்நீர்த் தொட்டி எல்லாம். பில் என்றால் அவ்வளவு பயம். நான் எதிர்பார்த்தது அவர் போவார் என்று. அவர் போகவில்லை, சூடு இல்லாமலே இருந்து பழகிக்கொண்டார். அதற்கப்புறம் அந்த வீட்டுப் பக்கம் போக முடியவில்லை, சார்ஜென்ட். குளிக்காத உடம்பு. பல நாளாக மாற்றாத கம்பளிச் சட்டை. வெயிலும் காற்றும் இல்லாமல் கயிற்றில் புளித்துக் கிடக்கிற துணி. படுக்கையறைச் சுவரில் தரையிலிருந்து மேல்வரை கருப்பாகப் பூஞ்சை, தொட்டால் விரலில் பிசுபிசுக்கும். கட்டில் மெத்தையின் அடியில் கூடப் படர்ந்திருந்தது. என் வீட்டை இப்படி ஆக்கி வைத்திருக்கிறாரே என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சில மனிதர்களுக்குச் சுத்தம் பிறவியிலேயே வராது. ப்ளீச் போட்டுத் துடையுங்கள், ஜன்னலை எப்போதும் திறந்து வையுங்கள் என்று சொன்னேன். சொன்னபடியே திறந்து வைத்தார்.

இருமல் வந்தது. ராத்திரியும் பகலும் என் தலைக்கு மேலே இருமல். சளி கட்டிய ஈர இருமல். ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொள்வேன்.

அந்த மாதத்தில் என் முழங்கால் வீங்கியிருந்தது. எங்கள் கட்டடத்தில் படிக்கட்டு கழுவுவது முறை வைத்துத்தான். யார் முறையோ அவர்கள் கதவுப்பிடியில் அட்டை தொங்கும். என் கதவில் தொங்கிய அட்டையை அவர் எடுத்துத் தன் கதவில் மாட்டிக்கொண்டு, எனக்காகவும் கழுவினார். ஒவ்வொரு படியிலும் நின்று இருமிக்கொண்டே கழுவினார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் இருமிய தண்ணீரில் நான் எப்படிக் கால் வைப்பது? முழங்கால் வலியோடு நானே இன்னொரு தடவை கழுவ வேண்டியதாயிற்று.

கடைசியாக அவர் வந்தது பிப்ரவரியில், பனி கொட்டிய ஒரு மத்தியானம். என் வீட்டில் அப்போதுதான் திருகைத் திறந்திருந்தேன். கதவைப் பாதி திறந்ததும் உள்ளேயிருந்து போன சூடு அவர் முகத்தில் பட்டிருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டார்.

"அம்மாடி, என்ன இதமா இருக்கு. ஒரு அஞ்சு நிமிசம் உள்ள வந்து உக்காரட்டுங்களா? கை வெரலெல்லாம் சொன்னபடி கேக்க மாட்டேங்குது."

நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பார். வெளிர் துணி போட்ட நாற்காலி. அந்த நாற்றம் ஒரு தடவை பிடித்தால் போகாது. விருந்தாளிகள் வருகிறார்கள் என்றேன், யாரும் வரவில்லை. "கொஞ்சம் நடமாடிக்கிட்டே இருங்க மிஸ்டர் லீப்பர், ரத்தம் ஓடும்" என்றேன். "அதுவும் சரிதாங்க" என்றார். கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து மேலே ஏறினார். அன்று சாயங்காலம் வரைக்கும் தலைக்கு மேலே நடக்கிற சத்தம் கேட்டது. நான் சொன்ன பேச்சைத் தட்டியதே இல்லை அவர்.

பிறகு சத்தம் இல்லை. இருமலும் இல்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது, நன்றாகத் தூங்கினேன்.

அவர் முறை வந்தும் படிக்கட்டு கழுவாமல் கிடக்கவே ஜெஸ் வந்து என்னைச் சாவியோடு இழுத்துக்கொண்டு போனாள். சமையலறை நாற்காலியில் கோட்டும் தொப்பியும் போட்டு, மடியில் கம்பளியோடு உட்கார்ந்திருந்தார். ஜன்னல் திறந்தே இருந்தது; உள்ளே பனி விழுந்து தரையில் உருகாமல் கிடந்தது. ஜெஸ் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். எப்படித்தான் தொட்டாளோ. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றேன்.

ஆக, நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியது இதுதான். தெரிந்தேதான் தலைகீழாகச் சொன்னேன். அவர் வந்து கேட்டபோதும் திருத்தவில்லை. அவர் விறைத்துக்கொண்டிருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். என் கூரைதானே அவர் தரை, எல்லாம் கேட்கும். ஆனால் சாக வேண்டும் என்று நான் நினைத்ததில்லை. போய்விட வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

ஜெஸ் என்னைப் பார்த்துக் கத்தினாள், "காலி பண்ணுங்கன்னு ஒரு வார்த்தை வாயால சொல்லியிருந்தா அந்த மனுஷன் அன்னைக்கே கெளம்பியிருப்பாரேடி" என்று. சொல்லியிருந்தால் போயிருப்பார்தான், நான் சொன்னதை எதைத்தான் அவர் செய்யவில்லை? ஆனால் பெண்டாட்டியைப் பறிகொடுத்துவிட்டுத் தனியாக நிற்கிற ஒரு வயசான மனிதரிடம், உங்களை எனக்குப் பிடிக்கவில்லை, வெளியே போங்கள் என்று முகத்துக்கு நேராக எப்படிச் சொல்வது? எனக்கு அவ்வளவு கல்மனசு கிடையாது, சார்ஜென்ட்.