உடைக்காத சுவர்

விளக்கைக் குறைத்துக்கொள்ளுங்கள். மண்ணெண்ணெய் கிடைக்காத காலம். ஆனால் முழுக்க அணைத்துவிட வேண்டாம்... சஜீவன் பாவம். காலையிலிருந்து வெயிலில் வீடு தேடி அலைந்துவிட்டு வந்து அந்த மூலையில் சுருண்டு கிடக்கிறான். சோறும் தின்னவில்லை, வாயும் திறக்கவில்லை. கிடந்தபடியே கேட்கட்டும். வீடு வாங்க நினைக்கிறவன் கேட்க வேண்டிய கதைதான் இது.

நேரம்... மதியம் பன்னிரண்டரை.

சிரிக்காதீர்கள். பேய்க்கு நள்ளிரவுதான் நேரம் என்பவர்கள் உச்சிப்பொழுதில் தனியே நடந்து பார்க்காதவர்கள். தண்ணீரூற்றுச் சந்தியிலிருந்து உள்ளே போகும் மணல் ஒழுங்கை. இரண்டு பக்கமும் பனை. காற்று இல்லை. நாய்கூட இல்லை. அந்த ஒழுங்கையில் ஒருவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வருகிறார். கரியரில் நாயாற்றுச் சிப்பியில் சுட்ட சுண்ணாம்பு, ஒரு மூட்டை.

அவர் பெயர் ராஜரத்தினம். நம்முடைய சுதாகரனின் பெரியப்பா. சுதாகரன் அவரைப் பெரியப்பா என்று சொல்வதே இல்லை. ‘அந்த ஆள்’ என்பான். கதையைக் கேட்டால் நீங்களும் அப்படித்தான் சொல்வீர்கள்.

ஆண்டு தொண்ணூற்றாறு. சண்டைக்கு ஓடி யாழ்ப்பாணம் இங்கே வந்து சேர்ந்த களைப்பு ஆறுமுன் கிளிநொச்சியும் எழும்பி வந்துவிட்டது. பள்ளிக்கூடம், கோயில், மரத்தடித் தறப்பாள் கூடாரம் எங்கும் சனம். கல் வீடு ஒன்று விலைக்கு இருக்கிறதாம் என்று யாராவது வாய்க்குள் முணுமுணுத்தால் போதும், அடுத்த நாள் படலையில் பத்துக் குடும்பம் நிற்கும். ராஜரத்தினத்துக்குக் கொண்டாட்டம். வவுனியாவுக்குப் போக அனுமதிப் பாஸ் கையில் இருந்தது. பாஸின் தவணை முடியுமுன் வீட்டை விற்றுவிட வேண்டும், அவ்வளவுதான். கொழும்பு, பிறகு மகனிடம் வெளிநாடு. வீடு கேட்டு வந்தவர்களுக்கு அவர் வைத்த பெயர் ‘தறப்பாள் கோஷ்டி’.

“மரத்துக்குக் கீழை கிடக்கிறதுகள்... இதுகளுக்குச் சுவரிலை வெடிப்பு இருக்கோ எண்டு பாக்கத் தெரியுது” என்பார்.

அதனால் வீட்டைச் சோடித்தார். தேங்காய்ப்பூ போட்டுத் தேய்த்து நிலத்தை மினுக்கினார். வேலிக்குப் புதுக் கிடுகு. விறாந்தையில் வந்தவர்கள் உட்கார இரவல் கதிரை நாலு. வெள்ளையடிக்க மேசன் காத்தமுத்து. எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத்திலிருந்து ஓடிவந்து காட்டை வெட்டிக் குடியேறிய மனிதர். சீமெந்து தடைப்பட்டிருந்த அந்த நாளில் வெறும் சுண்ணாம்பையும் மணலையும் வைத்துச் சுவரைச் சுவராக நிறுத்தத் தெரிந்தவர். அவருக்கு ராஜரத்தினம் சிரட்டையில்தான் தேத்தண்ணீர் கொடுத்தார்.

எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தியவர், கண்ணுக்குக் குறையாகத் தெரிந்த ஒன்றைப் பின்னறைக்குத் தள்ளினார். அது அவருடைய அக்கா. வடிவம்மா. உண்மையில் அந்த வீடே வடிவம்மாவுடையது. அவருக்குச் சீதனமாக எழுதியது. கல்யாணம் நடக்கவில்லை, வீடு மட்டும் மிஞ்சியது. அவர் காய்ச்சலில் கிடந்தபோது கையைப் பிடித்து, வீட்டைத் தன் பெயருக்கு மாற்ற ஒப்பம் வைக்கச் செய்தவர் இந்தத் தம்பி.

“நான் கண் மூடுமட்டும் பொறடா தம்பி. பிறகு என்னவும் செய்” என்றாராம் அவர்.

“நீ இப்போதைக்கு மூடமாட்டாய்” என்றாராம் இவர்.

வடிவம்மாவால் எழும்ப முடியாது. குரலும் எடுபடாது. தண்ணீர் வேண்டுமென்றால் பித்தளைச் செம்பால் சுவரில் தட்டுவார். டொக்... டொக்... டொக். எப்போதும் மூன்று. வீடு பார்க்க வந்தவர்கள் என்ன சத்தம் என்று கேட்டால், ராஜரத்தினம் சிரித்துக்கொண்டே “எலி” என்பார். ஒருநாள் செம்பையும் பறித்துக்கொண்டார். அதன்பிறகு அந்தப் பெண் விரல் மொளியால் தட்டினார். சத்தம் கொஞ்சம் குறைந்தது. இவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

சரி... ஒழுங்கைக்கு வருவோம்.

சைக்கிளை உள்ளே உருட்டினார். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. வேப்பெண்ணெய் மணம் மட்டும். அக்காவின் காலுக்குப் பூசும் எண்ணெய். காத்தமுத்து தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு ஏணியடியில் நின்றார்.

“ஐயா... அம்மா போயிட்டாங்க. இப்பதாங்க. மூணு தட்டு தட்டுனாங்க. தண்ணி மொண்டுக்கிட்டு ஓடுனேன்... ஒரு வாய்தான் குடிச்சாங்க.”

ராஜரத்தினம் அக்காவைப் பார்க்கவில்லை. மணிக்கூட்டைப் பார்த்தார். பன்னிரண்டரை. பக்கத்தில் தொங்கிய பஞ்சாங்கத்தைப் பார்த்தார். வீடு கைமாற நல்ல நாள் தேடி அதைத் தினமும் புரட்டியவர்தானே. பதினொரு மணியோடு திருவோணம் முடிந்து அவிட்டம் பிறந்திருந்தது.

அவிட்டத்தில் உயிர் போனால் பிரேதத்தை வாசலால் எடுக்கக் கூடாது. நம் ஆட்களுக்குத் தெரியும். கிடந்த அறையின் சுவரை உடைத்து அந்த வழியால் எடுத்து, பிறகு அதை அடைத்துவிட வேண்டும். வாசலால் போனால் வாசலால் திரும்பி வரும் என்பார்கள். வந்தால் வெறுங்கையோடு போகாது என்பார்கள்.

காத்தமுத்துவும் அதைத்தான் சொன்னார். “செவுத்த ஒடைச்சித்தாங்க தூக்கணும். நானே ஒடைச்சி, நானே கட்டித் தர்றேன். கூலி வேணாங்க.”

“எதாலை கட்டுவாய்? சீமெந்துக்கு எங்கை போவாய்? உடைச்ச சுவரைப் பாத்திட்டு எவன் வீடு வாங்குவான்? நாளையிண்டைக்குக் கிளிநொச்சி வாத்தியார் வாறார். நீ உன்ரை வேலையைப் பார்.”

சொல்லிவிட்டு ராஜரத்தினம் கதிரையில் ஏறினார். மணிக்கூட்டின் கண்ணாடியைத் திறந்தார். முள்ளைப் பின்னுக்குத் திருப்பினார்... பத்தரை.

“பத்தரைக்குப் போனவா. விளங்கிச்சோ?”

“பொய் சொல்ல மாட்டேங்க” என்றார் காத்தமுத்து. “கேக்காட்டி சொல்லலீங்க.”

யாரும் கேட்கவில்லை. சுண்ணாம்பு அடிக்கிறவனிடம் யார் நேரம் கேட்பார்கள்? ஐயர் வந்தார். பத்தரை என்றால் திருவோணம், தோஷமில்லை என்றார். பொழுது படுமுன் வடிவம்மா முன்வாசலால், இரவல் கதிரைகளைத் தாண்டி, சுடலைக்குப் போய்ச் சேர்ந்தார்.

மூன்றாம் நாள் ராஜரத்தினம் சுண்ணாம்பு கரைத்தார். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுகூட முடியவில்லை. அடுத்த வளவுக் கமலாசனி வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு, “சாம்பல் ஆறேல்லை... அந்தாள் நீலம் போட்டுக் கலக்குது” என்று காறித் துப்பினார். சொன்னபடி வீடு பார்க்க வந்த வாத்தியாரை மட்டும் படலையிலேயே மறித்து, சாவைச் சொல்லாமல், ‘அடுத்த கிழமை வாங்கோ’ என்று கெஞ்சி அனுப்பியிருந்தார் நம்மவர்.

வீடு முழுக்க வெளுத்தது. பின்னறையின் கிழக்குச் சுவர் மட்டும் காயவில்லை. ஓர் இடம்... நிலத்திலிருந்து இடுப்பளவு உயரம், ஓர் ஆள் நீட்டிக் கிடக்கும் அகலம். அதில் மட்டும் சுண்ணாம்பு ஒட்டவில்லை. பூசப் பூச வழிந்தது. தொட்டால் விரலில் ஈரம். முகர்ந்தால் வேப்பெண்ணெய்.

காத்தமுத்து அதைப் பார்த்தார். சுண்ணாம்பு பூசுகிற பொச்சுமட்டையை வாளிக்குள் போட்டார். படலையைத் தாண்டிப் போய்விட்டார்.

“சோம்பேறி” என்றார் ராஜரத்தினம். அன்று மதியம் அவரே பூசினார். கையெல்லாம் சுண்ணாம்பு. உச்சி வெயில். அப்போதுதான்...

டொக்.

டொக்...

டொக்.

எலி என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். மற்றவர்களிடம் சொல்ல எளிதாக இருந்தது. தனக்குச் சொல்ல முடியவில்லை. அதோடு இன்னொன்றும் நடந்தது. மணிக்கூட்டைக் கோயில் மணிக்குச் சரியாக வைப்பார். மறுநாள் பார்த்தால் இரண்டு மணித்தியாலம் பின்னுக்கு நிற்கும். சாவி கொடுத்துப் பார்த்தார். எண்ணெய் விட்டுப் பார்த்தார். ஒவ்வொரு நாளும் இரண்டு மணித்தியாலம்... கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ஆள் துணிந்தவர் அல்ல. துணிவு இருந்தால் உண்மையைச் சொல்லிச் சுவரை உடைத்திருப்பாரே. அலுமாரியை இழுத்து ஈரத்துக்கு முன்னால் வைத்தார். ஒவ்வொரு நாளும் பன்னிரண்டுக்குமுன் சந்தித் தேத்தண்ணீர்க் கடைக்குப் போய், ஒரு மணி கழித்துத்தான் திரும்பினார். மற்ற நேரமெல்லாம் வீடு வீடாகத்தான் இருந்தது.

வாத்தியார் ஐயாத்துரை மனைவி விமலேஸ்வரியோடு வந்தார். ராஜரத்தினம் காலையில்தான் வரச் சொல்லியிருந்தார். பாவங்கள், நடந்து வர மதியமாகிவிட்டது; காத்திருந்த ராஜரத்தினத்தால் அன்று கடைக்குப் போக முடியவில்லை. விமலேஸ்வரி பின்னறை வாசலில் நின்றார். அலுமாரிக்குப் பின்னாலிருந்து மூன்று தட்டு. ராஜரத்தினத்தின் முகம் சுவரைவிட வெளுத்தது.

“எ... எலி” என்றார்.

விமலேஸ்வரி அலுமாரியைப் பார்த்தார். பிறகு, “இஞ்சை படுத்திருந்தது ஆர்?” என்று கேட்டார்.

“ஒருத்தரும் இல்லை. சாமான் வைக்கிற அறை.”

அக்காவை இரண்டாம் தரமும் கொன்றார்.

ஐயாத்துரை களைத்த மனிதர். “எலி இருந்தாலும் பரவாயில்லை. மழை வரப்போகுது. பிள்ளையளைத் தறப்பாளுக்குக் கீழை வைச்சிருக்கேலாது” என்றார். வீடு விலைப்பட்டது. வீட்டு உறுதிப் பத்திரமும் கைமாறியது. இரண்டு நாள் கழித்து மதியம் ஒரு மணிக்கு வீட்டுச் சாவியை, அதுதான் திறப்பை, கொடுப்பதாகப் பேச்சு. அன்றே ராஜரத்தினத்துக்குப் பயணம்.

அந்த நாள் வந்தது. பையைக் கட்டிச் சைக்கிளில் வைத்துவிட்டார். விடிய எழும்பி மணிக்கூட்டையும் கோயில் மணியோடு ஒத்துப் பார்த்துச் சரியாக்கினார். பிறகு பார்த்தபோது பத்தரைதான். பன்னிரண்டுக்கு இன்னும் எவ்வளவோ நேரம். அலுமாரியின் ஓரத்தால் ஈரம் எட்டிப் பார்த்தது. கடைசியாக ஒருமுறை பூசிவிட்டால் வாத்தியார் வாய் திறக்கமாட்டார் என்று நினைத்து, வாளியோடு பின்னறைக்குள் போனார்.

முற்றத்தைத் தாண்டும்போது குனிந்து பார்த்திருந்தால் அவருடைய நிழல் பாதத்துக்குக் கீழே ஒடுங்கிக் கிடந்தது தெரிந்திருக்கும். காத்தமுத்து அப்படித்தான் நேரம் பார்ப்பார். ராஜரத்தினம் கீழே பார்த்து நடக்கிற ஆள் அல்ல.

அலுமாரியைத் தள்ளினார். கையை வாளிக்குள் விட்டார்.

டொக்... டொக்... டொக்.

இந்தத் தரம் சுவரிலிருந்து அல்ல. அவருக்குப் பின்னாலிருந்து... அறை வாசலில், கதவு நிலையில்.

ஒரு மணிக்கு வாத்தியார் குடும்பம் வந்தது. முன்கதவு அகலத் திறந்திருந்தது. அறைக் கதவும் திறந்திருந்தது. அந்த ஆள் ஈரச் சுவரோடு முகத்தை ஒட்டிக்கொண்டு குந்தியிருந்தார். உயிர் இல்லை. முழங்கை வரை சுண்ணாம்பு. வலது கைப்பொத்திக்குள் திறப்பு. இடது கை மொளிகளில் தோல் இல்லை... வாசல் திறந்து கிடக்க, மனிதன் சுவரில் தட்டியிருக்கிறார். மணிக்கூட்டில் பதினொரு மணி.

பாடையைத் தூக்கினார்கள். வாசலால் போகவில்லை. நாலு பேர் தூக்கினார்கள், ஆறு பேர் தூக்கினார்கள். நிலைக்கு வந்ததும் பாடை நகர மறுத்தது. காத்தமுத்துவைக் கூப்பிட்டார்கள்.

“அம்மாவுக்குத் தொறக்க வேண்டிய வழிங்க. அதத் தொறக்காம இவரு போகமாட்டாரு” என்றார் அவர். அன்றைக்குத்தான் அவரிடம் கேட்டார்கள். அன்றைக்குத்தான் எல்லாம் சொன்னார்.

அலவாங்கால் இரண்டே குத்து. ஈரம் இருந்த இடம் மட்டும், வெட்டி எடுத்த மாதிரி வெளியே விழுந்தது. வேப்பெண்ணெய் மணம் குப்பென்று வந்தது. வெளியே நின்ற விமலேஸ்வரி சட்டென்று ஒதுங்கி, யாருக்கோ வழிவிட்டார். பாடை பிறகுதான் வந்தது. திறப்பை எடுக்கப் பார்த்தார்கள்; பொத்திய கை விரியவில்லை. திறப்போடுதான் எரித்தார்கள். வாத்தியார் வேறு பூட்டு வாங்கினார். அந்தத் துவாரத்துக்குத் தங்கள் பழைய தறப்பாளைக் கட்டினார்கள். இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள். பின்னறையில் ஒரு சத்தமும் இல்லையாம்.

ஆனால் ஒழுங்கையில்...

வெட்கம் கெட்ட மனிதன், செத்தும் திருந்தவில்லை. வீடு தேடித் தனியாக வருகிறவர்களை மதியத்தில் மறிக்கிறாராம். வெள்ளை வேட்டி. நல்ல மரியாதை. “வீடு பாக்க வந்தனீங்களோ? வாங்கோ... பின்பக்கத்தாலை போவம்” என்று கூட்டிப் போகிறாராம். பிறர் குடியிருக்கும் வீட்டை இன்னமும் விற்றுக்கொண்டிருக்கிறார்.

என்ன சஜீவன், எழும்பிவிட்டாய்? தண்ணீர் வேண்டுமா?

“இல்லை அண்ணை...” என்றான் அவன். “இண்டைக்கு ஒரு ஐயா வீடு காட்டினவர். பின் சுவரிலை தறப்பாள் கட்டியிருந்தது. யோசிச்சுச் சொல்லுங்கோ, அதுமட்டும் இதை வைச்சிருங்கோ எண்டு...”

சஜீவன் இடுப்புச் சாரத்து மடியை அவிழ்த்து, கையை விளக்கடிக்கு நீட்டினான். உள்ளங்கையில் ஒரு திறப்பு இருந்தது. நெருப்பில் கறுத்த திறப்பு. அதன் பிடியில் சுண்ணாம்பு இன்னும் ஈரமாக இருந்தது.