களைப்புக்குக் காரணம் தேடிய மருத்துவர் றோஸ்மேரி இக்னேசியஸ் அவர்களுக்கு

இதயம் தளர்ந்தோரின் இடர் கேட்டு, இரத்தம் குன்றியோரின் இன்னல் ஆற்றி, மூச்சு வாங்க வந்தோரை முகம் சுளியாது வரவேற்ற எங்கள் மூத்த மருத்துவரே, சினமறியா மொழியினரே, வணக்கம்.

மன்னாரில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் மருத்துவம் பயின்று, ரொறன்ரோவுக்கு வந்து பரீட்சைகளையெல்லாம் மறுபடியும் எழுதினீர்கள். ஸ்காபுறோவின் இந்த இதயச் சிகிச்சை நிலையத்தில் இருபத்தாறு ஆண்டுகள் பணியாற்றினீர்கள். நாட்பட்ட இதயச் செயலிழப்பு உள்ளவர்களே இங்கு வருபவர்கள். குணமாகிப் போனவர் என்று எவரையும் நாங்கள் வழியனுப்பியதில்லை. கடைசி நோயாளி சென்ற பின்னும் கதிரையை விட்டு எழும்ப மனமற்ற மாலைகள் எங்களுக்குப் பல. அந்த மாலைகளிலும் கோப்புகளைத் திறந்து வைத்திருந்தவர் நீங்கள்.

மல்வேர்ன் பகுதியில் வாழ்ந்த மகேஸ்வரன் ஐயாவை இந்தப் பிரியாவிடை அவையில் பலர் அறிவர். பேக்கரித் தொழிற்சாலையில் உழைத்து ஓய்ந்தவர். இதயம் தளர்ந்த பின் குளிப்பதற்கும் மனைவி சந்திரவதனாவின் கை அவருக்கு வேண்டியிருந்தது. இதய நோயாளிக்குக் களைப்பு இயல்புதானே என்று எல்லோரும் சொன்னார்கள், நாங்களும் சொன்னோம். நீங்கள் அவரது கீழிமையை இழுத்துப் பார்த்தீர்கள்.

"எல்லாத்தையும் இதயத்தின்ர தலையில போடாதேங்கோ. இரத்தத்தையும் பாப்பம்" என்றீர்கள்.

இரத்தம் மிகக் குறைந்திருந்தது. வயிற்றுப்புண்ணிலிருந்து மெல்ல மெல்லக் கசிந்து, உடலின் இரும்புச்சத்தே வற்றியிருந்தது. புண்ணுக்கு மருந்து கொடுத்தீர்கள். நாளத்தின் வழியே இரும்பு ஏற்றினீர்கள். இதனால் ஆயுள் கூடுமா என்று அவர் கேட்டார். தளர்ந்த இதயத்தோடு இரத்தசோகையும் சேர்ந்தால் மற்றவர்களைவிட முந்தி இறப்பவர்களே அதிகம் என்பதை நீங்கள் மறைக்கவில்லை.

"இரும்பு ஏத்தினா கன காலம் இருப்பியள் எண்டு நான் சத்தியம் பண்ண மாட்டன். களைப்புக் குறையும். ஆஸ்பத்திரிக்கு ஓடுறதும் குறையலாம்."

எனக்கு அது காணும், போதும் என்றார் அவர்.

இரண்டு பனிக்காலம் இருந்தார். இறுதிக் கிரியைக்கு உங்களோடு நாங்களும் சென்றோம். கடைசிக் கிழமை வரைக்கும் தன் கையாலேயே குளித்து, தானே சவரம் செய்தவர் என்று சந்திரவதனா அன்ரி சொன்னார்.

சென்ற இலையுதிர் காலத்தில் உங்களுக்கே மூச்சு வாங்கத் தொடங்கியது. வயது என்றீர்கள், வேலை என்றீர்கள். நோயாளிகள் காத்திருக்கிறார்கள் என்று சொல்லிச் சொல்லியே பரிசோதனையைத் தள்ளிப்போட்டீர்கள். ஒரு மதியம் தாதி நதீஷா இரத்தம் எடுக்கும் ஊசியோடு வந்து அறைக் கதவைச் சாத்திவிட்டு, "டொக்டர், கையை நீட்டுங்கோ" என்றார். அதன்பின் இதயத்தையும் படம் பிடித்தோம். முடிவுகளை எவரும் உங்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. திரையில் நீங்களே வாசித்தீர்கள். தளர்ந்த இதயம், குறைந்த இரத்தம்.

"எனக்கும் களைச்சுப் போச்சு, பிள்ளை" என்று நதீஷாவிடம் சொன்னீர்கள்.

இத்தனை ஆண்டுகளில் உங்களைப் பற்றி அந்தச் சொல்லை உங்கள் வாயிலிருந்து நாங்கள் கேட்டது அன்றுதான். ஓய்வு பெறப் போவதாக அதன் பின்னரே அறிவித்தீர்கள்.

பண்பின் பெட்டகமே, பரிவின் பிறப்பிடமே, நூறாண்டு வாழ்க என்று எழுத வேண்டாமென இம்மடலை எழுதும் டெனிஸ்டனிடம் கேட்டுக்கொண்டீர்கள். உங்களை ஏமாற்ற எங்களால் இயலாது. ஆகையால் ஆண்டுகளை எண்ணாமல் வாழ்த்துகிறோம். மில்லிக்கனில் உள்ள உங்கள் வீட்டில் அலாரம் அடிக்காத காலைகள் வாய்க்கட்டும். மாடிப்படி ஏறி முடித்தும் பேச்சுக்கு மூச்சு மிஞ்சட்டும். களைப்பின் மயக்கமாக இல்லாமல், உறக்கம் உறக்கமாகவே வரட்டும்.

வரும் செவ்வாய்க்கிழமை உங்களுக்கு இரும்பு ஏற்றும் நாள். யன்னலோரக் கதிரையை ஒதுக்கி வைத்திருக்கிறோம். பக்கத்தில் இருப்பவரின் நாடி பார்க்க எழும்பிவிடாமல், ஏற்றி முடியும்வரை தயவுசெய்து இருங்கள், அம்மா.

நன்றியோடும், உங்களிடம் கற்ற பொறுமையோடும்,
இதயச் சிகிச்சை நிலையப் பணியாளர்கள்,
ஸ்காபுறோ, ரொறன்ரோ.