புளி மண்டிப் பள்ளிக்குத் தனிக்குடித்தனம்

இந்த அவைக்குத் தலைமை தாங்கி, எனக்குப் பேச இடமும் நம் பிள்ளைகளுக்குப் படிக்க இடமும் கொடுத்த மண்டி முதலாளி, பெருமதிப்பிற்குரிய பெரியண்ணன் அவர்களே! சித்தேரி மலையிலிருந்து இறங்கி வந்திருக்கும் பெரியோர்களே! பாப்பிரெட்டிப்பட்டி வணிகப் பெருமக்களே! புளிக்கறை மாறாத கைகளோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

யாரோ வண்டி மாட்டை அவிழ்த்துவிடச் சொல்கிறார்கள். அவிழ்த்துவிடுங்கள், மேயட்டும். நான் சீக்கிரம் முடிக்கிறவன் அல்ல என்பது மாட்டுக்கும் தெரிந்திருக்கிறது!

பெரியோர்களே, பள்ளிக்கூடம் என்று பலகை மாட்ட ஊரில் ஒரு சுவர் இல்லாதபோது தம் புளி மண்டியைத் திறந்துவிட்டவர் யார்? நம் தலைவர். வாடகை கேட்டாரா? இல்லை. வாயாரப் புகழச் சொன்னாரா? இல்லை. அந்த வள்ளலை வாழ்த்தாத வாய் என்ன வாய்! ஆனால் மாசி பிறந்தால் மலைப்புளி வந்து இறங்குகிறது. மூட்டைகள் உள்ளே போகும். பிள்ளைகள் வெளியே வருவார்கள். சித்திரை முடியும்வரை புங்க மரத்தடிதான் கதி. அங்கே கொட்டை நீங்கக் கட்டையால் புளி தட்டும் தாய்மார்களோடு பிள்ளைகளும் கட்டையைப் பிடித்து உட்கார்ந்துவிடுவார்கள்.

வேறொரு வாத்தியார் என்ன செய்திருப்பார்? மாமியார் வீட்டுக்கு விருந்துக்குப் போயிருப்பார். நம் யாகப்பன் வாத்தியார் புளிக்குவியலுக்கு நடுவே சம்மணமிட்டு உட்கார்ந்தார். கட்டை விழும் தாளத்துக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தார். பிள்ளைகள் படித்தார்கள், பெற்றவர்களும் படித்தார்கள்! பள்ளிப் படி மிதிக்காத தாய்மார்கள் பத்தாம் வாய்ப்பாடுவரை பாடுகிறார்களே, இந்தப் பெருமை எந்தப் பட்டணத்துக்கு உண்டு?

பங்குனியில் பள்ளி ஆய்வாளர் வந்தார். "பள்ளிக்கூடம் எங்கே?" என்றார். வாத்தியார் மரத்தடியைக் காட்டினார். நம் சின்னம்மாளின் மகள் கருப்பி, மரியாதைக்காகக் கட்டையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள். "ஏழெட்டு எவ்வளவு?" என்று கேட்டார் ஆய்வாளர். குழந்தை விழித்தாள். வெறுங்கையோடு அவள் வாய்ப்பாடு சொல்லிப் பழகியதே இல்லையே!

சின்னம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "சாமி, கட்டையக் கையில குடுங்க, சொல்லிப்புடுவாளுங்க!" என்றார். கட்டை கைக்கு வந்தது. டொக், டொக் என்று இரண்டு தட்டு. கருப்பி வாய் திறப்பதற்குள் அத்தனை தாய்மார்களும் ஒரே குரலில், "அம்பத்தாறு!" என்றார்கள்.

சிரிக்கிறீர்கள். ஆய்வாளரும் சிரித்தார். பிறகு வாத்தியாரைத் தனியே அழைத்து, "உம்மிடம் நல்ல வகுப்பு இருக்கிறது, பள்ளிக்கூடம் இல்லை. அடுத்த மாசிக்குள் தனிக்கட்டடம் எழும்பாவிட்டால் இந்தப் பள்ளியை மூட வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். மூடினால் என்ன ஆகும்? கருப்பியின் கைக்கு வந்த கட்டை அந்தக் கையிலேயே தங்கிவிடும்.

தலைவர் நேற்று என்னிடம் மனம் நொந்து கேட்டார்: "ஏனுங்க, நான் குடுத்த எடம் பத்தலீங்களா?" ஐயா, கலியாணம் ஆன மகனைத் தனிக்குடித்தனம் வைக்கிறோமே, அப்பன் வீடு ஆகாது என்றா வைக்கிறோம்? ஆளாகிவிட்டான் என்று பூரித்துத்தானே வைக்கிறோம்? உங்கள் மண்டியில் வளர்ந்த பள்ளி இன்று ஆளாகிவிட்டது. மண்டிக்குப் பின்னால் இருக்கும் உங்கள் சரளை மேட்டை அதற்குக் கொடுங்கள். மலைக்காரர்கள் மூங்கில் தருவதாகச் சொல்லிவிட்டார்கள். சுவருக்கு மண்?

யாரது? சின்னம்மாளா? உரக்கச் சொல்லுங்கள் தாயே.

"மண்ணு மிதிக்க நாங்க வரோமுங்க! எம் பொண்ணு கையில அந்தக் கட்ட வேண்டாமுங்க!"

கேட்டீர்களா தலைவரே? இன்னும் ஒன்றைக் கேளுங்கள். கருப்பி, இப்படி மேடைக்கு வா அம்மா. கையில் ஒன்றும் இல்லையே? தாய்மார்களே, யாரும் வாய் திறக்கக் கூடாது. ஏழெட்டு எவ்வளவு?

"அம்பத்தாறுங்க!"

வெறுங்கையோடு சொல்லிவிட்டாள்! அந்தக் கையில் இனிச் சிலேட்டா, கட்டையா? தலைவர் எழுந்து பேச வேண்டாம், தலையை அசைத்தால் போதும்.

அசைத்துவிட்டார்!

பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி. கொடுத்துச் சிவந்த கைக்கு என் கும்பிடு. அந்த மாட்டைப் பிடித்து வண்டியில் பூட்டுங்கள் ஐயா, சரளை மேட்டுக்கு முதல் கல் ஏற்ற வேண்டும். வணக்கம்!