புது மூங்கில்

ஒரு மூங்கில் கைக்குப் பழக ஒரு வருஷமாவது ஆகும், சார். புதிதில் நம் பேச்சைக் கேட்காது, முரண்டு பிடிக்கும். போகப்போக, உள்ளங்கை படுகிற இடம் வழவழப்பாகிவிடும். என் மூங்கில் அப்படித்தான் இருந்தது. அதன் நுனியில் மாட்டியிருந்த அரிவாளும் தீட்டித் தீட்டி ஒல்லியாகிப் போயிருந்தது. செம்பனைக் குலையின் காம்பில் வைத்து ஓர் இழுப்பு இழுத்தால் போதும், குலை தொப்பென்று விழும்.

அசாம் ஜாவா ஊர்ப் பக்கம் எங்கள் செம்பனைத் தோட்டத்தில் எல்லாரும் அலுமினியக் கம்புக்கு மாறிவிட்டார்கள். நான் ஒருத்தன்தான் மாறவில்லை. அதனாலேயே சாலையோரக் கடைசி நிரை எனக்கென்று ஆகிப்போனது. அந்த நிரை மரங்களை ஒட்டிக் கரண்டு கம்பி போகிறது. காய்ந்த மூங்கிலில் கரண்டு இறங்காது என்பது எங்கள் நம்பிக்கை. இருந்தாலும் ஓர் ஏற்பாடு வைத்திருந்தோம். வெட்டுகிறவன் கண் குலைமேல் இருக்கும், கம்பி தெரியாது. கூட்டாளி தள்ளி நின்று, அரிவாள் அந்தப் பக்கம் சாயும்போது "கம்பி!" என்று குரல் கொடுக்க வேண்டும். எனக்குக் குரல் கொடுத்தவன் சுகுமாறன். ஒரு நாளும் தவறியதில்லை. நல்லவன், சார். அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

என் மூங்கிலின் அடியில் வெடிப்பு விட்டிருந்தது. ரப்பர் டியூப்பைச் சுற்றி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ரவாங்கில் மகள் வீட்டுக்குப் போயிருந்த நேரம், சுகுமாறன் அதைத் துண்டு துண்டாக அறுத்து அவன் வீட்டு அவரைப் பந்தலுக்குக் கால் நட்டுவிட்டான். என் அரிவாளைப் புது அலுமினியக் கம்பில் மாட்டிக்கொண்டு, மறுநாள் காலை சிரித்தபடி வந்து நின்றான்.

"எத்தன நாளைக்குண்ணே அந்த வெடிச்ச மூங்கில கட்டிக்கிட்டு அழுவீங்க? என்னிக்காவது ஒடிஞ்சு அரிவா உங்க தலையிலதான் விழும். இது உங்களுக்குத்தான் வாங்குனேன். இன்னிக்கு நானே வெட்டிக் காட்டுறேன், பாருங்க."

அவன் வீட்டுப் பந்தலில் என் மூங்கிலைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். அடிக்கவில்லை, திட்டவில்லை. "சரி, வெட்டு லா" என்றேன்.

"கம்பியப் பாத்துக்குங்கண்ணே" என்று சொல்லிவிட்டு என் நிரைக்குள் போனான்.

நிற்க வேண்டிய இடத்தில்தான் நின்றேன். முதல் இரண்டு மரத்துக்கும் ஒழுங்காகக் குரல் கொடுத்தேன். அடுத்த மரத்தில் குலை அறுந்த வேகத்தில் கம்பு பின்னால், கம்பிப் பக்கமாகச் சாய்ந்தது. மெதுவாகத்தான் சாய்ந்தது. ஒரு வார்த்தை சொல்லத் தாராளமாக நேரம் இருந்தது. வாய் வரைக்கும் வந்தது. பந்தலுக்குக் காலாகிவிட்ட என் மூங்கில் ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

விபத்து என்று எல்லாரும் சொன்னார்கள். போலீசில் நீங்களும் அப்படித்தான் எழுதி முடித்தீர்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, அவன் மனைவி உஷாராணி ஒரு லோரியோடு என் வீட்டு வாசலுக்கு வந்தாள். கையில் என் அரிவாள். லோரிக்காரன் நீளமான மூங்கில் ஒன்றை இறக்கினான்.

"சுங்கை புரோங்ல மூங்கிலுக்குச் சொல்லி வச்சிருந்தாருண்ணே, இப்பத்தான் வெட்டி வந்துச்சு. 'அலுமினியம் அவருக்குப் புடிக்காது, மூஞ்சத் தூக்கி வச்சுக்குவாரு, அப்ப இதக் குடுத்துடலாம்'னு சிரிச்சாரு. நீங்களே வச்சுக்குங்க. உங்க மேல அவருக்கு அம்புட்டு உசுரு."

வாங்கிக்கொண்டேன். அவளுக்குத் தேநீர்கூடக் கொடுத்தேன். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை, சார். காது இரண்டிலும் நான் சொல்லாத அந்த ஒரு வார்த்தைதான் கேட்டுக்கொண்டே இருக்கிறது. கரண்டு அடித்தது என்று உங்கள் தாளில் இருக்கிறது. அதை அடித்துவிட்டு, கார்த்திகேசு என்று என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். சுகுமாறனைக் கொன்றவன் நான்தான்.

என்னை உள்ளே வைப்பதானால் ஓர் உதவி மட்டும் செய்யுங்கள். அந்த மூங்கில் என் வீட்டுப் பின்பக்கச் சுவரில் சாய்ந்திருக்கிறது. அரிவாளைக் கட்டிப் பார்த்துவிட்டேன், கனம் சரியாக இருக்கிறது, வளைவே இல்லை. யாரையாவது அனுப்பி நிழலில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். வெயில் பட்டால் அதுவும் வெடித்துவிடும்.