மலையாண்டி முறை

— வந்துட்டேன்ல? பொழுது கெளம்புறதுக்கு முன்ன வந்து நிக்கிறேன்ல? இனிமே எம் பிள்ளை பேரை வெட்டுறோம், கழிக்கிறோம்னு ஒருத்தரும் பேசப்படாது. சொல்லிட்டேன்.

— இதென்னடா அதிசயம்! மலையாண்டித் தம்பியா? கல்லுக் குவாரிக்குப் போற ஆளு, பாதை தவறிப் பிள்ளைக் கொட்டகைக்கு வந்துட்டியா?

— நக்கலு வேணாம் செங்கமலத்தக்கா. முறைக்கு ஆளு வரலைன்னா அழகி பேரை வெட்டிருவோம்னு நேத்துச் சொல்லி விட்டுப்புட்டு, இப்ப ஒண்ணுந் தெரியாத மாதிரி கேக்குறியே.

— நானா? சரி சரி, வந்தமட்டுக்கும் நல்லது. துண்டை அந்தக் கம்புல போடு.

— பேரை வெட்டுனா நான் எங்கிட்டுப் போவேன்? ஏம் பொண்டாட்டி செவந்தி கீழ்ச்சீமைக்கு அறுப்புக்குப் போயி ரெண்டு மாசமாச்சு. பிள்ளையைக் குவாரிக்குத்தான் இழுத்துட்டுப் போகணும். போன வருசம் வண்டி நெழல்ல உக்கார வச்சேன், சில்லுத் தெறிச்சுப் புருவத்துல பட்டுச்சு. ஒரு நெல்லளவு கீழ எறங்கியிருந்தா கண்ணு போயிருக்கும். இன்னமும் சுத்தியலை ஓங்குமுன்ன ஒரு தடவை சுத்திப் பாத்துக்கிறேன்க்கா.

— எனக்குத் தெரியாதா? பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வைத்தியர்கிட்ட ஓடுனவ நாந்தானே. அப்ப எனக்குக் காலு நல்லா இருந்துச்சு. அதுக்குப் பெறகுதானே பதினாலு வீடும் கூடி, பிள்ளைகளைப் பாத்துக்க இந்தக் கீத்துக் கொட்டகையைப் போட்டோம்? தெனம் வீட்டுக்கு ஒரு பிடி கேப்பை, பதினாலு நாளைக்கு ஒருக்கா வீட்டுக்கு ஒரு ஆளு. நீயும்தான தலையை ஆட்டுன?

— ஆட்டுனேன், இல்லைங்கல. முறையும் தவறலையே! செவந்தி போன பெறகு நாலு முறை வந்துச்சு. நாலையும் மீனம்மாகிட்ட மாத்திக்கிட்டேன், எனக்குப் பதிலா அவ வந்தா, முறைக்கு ஒரு கட்டு வெறகு குடுத்தேன். கம்மாத் தண்ணிக்கே முறை மாத்திக்கிறோமா இல்லையா? ஏந் தண்ணியை இன்னைக்கு நீ பாச்சிக்க, ஒந் தண்ணியை நாளைக்கு நான் பாச்சிக்கிறேன்னு?

— அங்கதான் நீ கோட்டை விட்டுட்ட. மடையைத் தெறந்தது ஆருன்னு வயலு கேக்காது. பிள்ளை கேக்கும், கேட்டியா?

— என்னத்தைக் கேக்கும்? அது வீட்டுல வாயே தெறக்காது. மூணு சொல்லு சேந்தாப்புல பேசி நான் கேட்டதில்லை.

— நீ வீட்டுல எந்நேரம் முழிச்சிருக்க, அது பேசுறதுக்கு?

— அட போக்கா. பகல் முச்சூடும் கல்லு உடைச்சவன் கஞ்சியைக் குடிச்சா, சாயாம என்ன செய்வான்? சரி, வேலையைச் சொல்லு. தண்ணி எடுக்கணுமா? வெறகு பொளக்கணுமா?

— தண்ணி எடுத்தாச்சு. வெறகும் கெடக்கு. வெளையாடணும்.

— ஆரு?

— நீதான்.

— நல்லாருக்கே! வெளையாடவா பதினாலு வீடும் கூடுச்சு? நாலு எழுத்தாச்சும் சொல்லிக் குடுக்கப்படாதா?

— எழுத்து எங்கயும் ஓடிப் போயிராது. மொதல்ல பிள்ளைக்குக் கையும் காலும் வாயும் வரட்டும்.

— யக்கா, ஏங்கூடக் கல்லு உடைக்கிற ராக்கன் கண்ணுல பட்டுச்சுன்னா குவாரியே சிரிக்கும்.

— ராக்கனா? போன வாரம் அவன் முறைதான். முட்டி போட்டு யானையா நடந்தான். நாலு பிள்ளையைச் சொமந்து கொட்டகையை மூணு சுத்துச் சுத்துனான். ஒங்கிட்டச் சொல்லலையா?

— அந்தப் பய முட்டியில காயம் என்னடான்னு கேட்டதுக்கு, கல்லுல விழுந்தேன்னானே!

— அந்த யானை பிளிறுனது அரிமளம் வரைக்கும் கேட்டுச்சு.

— எனக்கு வெளையாட வராதுக்கா. சத்தியமா. அஞ்சு வயசுல ஆடு மேய்க்க விட்டாங்க. பெறகு குவாரி. வெளையாட்டுன்னா எந்தப் பக்கம் பிடிச்சுத் தூக்கணும்னே தெரியாது.

— நீ ஒண்ணையும் பிடிக்க வேணாம், அதுகளே ஒன்னையப் பிடிச்சுக்கும். அடியே அழகி! ஓடியா! ஒங்கப்பன் முறைக்கு வந்திருக்கு. இன்னைக்கு நீதான்டி கண்டக்டரு!

— கண்டக்டரா? அது என்ன?

— முறைக்காரவுக பிள்ளைதான் அன்னைக்கு முழுக்கப் பஸ்ஸுக்குக் கண்டக்டரு. அது இதுகளே போட்டுக்கிட்ட சட்டம். ஒனக்குப் பதிலா மீனம்மா வந்தா, மீனம்மா மகன்தான் கண்டக்டரு. ரெண்டு மாசமா ஒம் மக டிக்கெட்டு வாங்கி ஏறுறவளாவே இருந்தா.

— இதை ஏங்கிட்ட ஆரும் சொல்லலையே.

— யப்பா, குனி. நீதான் பஸ்ஸு.

— நானா?

— கரி பஸ்ஸு. புதுக்கோட்டையிலேருந்து அரிமளம் போற கரி பஸ்ஸு. பேசப்படாது. பஸ்ஸு பேசுமா?

— பேசாது.

— பெறகு எதுக்குப் பேசுற?

— யக்கா, இவ என்ன இந்தப் போடு போடுறா! வீட்டுல இவ...

— கண்டக்டரு சொன்னதைக் கேளு தம்பி. சீமையில நடக்குற சண்டை முடியிற மட்டும் பெட்ரோலு ஏது? கரியிலதான் ஓடணும். கெளப்புறதுக்கு முன்ன வீரய்யா மகன் கரியடுப்புக் கைப்பிடியைச் சுத்துவான், அதுக்கு ஒங் கையை நீட்டு.

— டேய், டேய், மெதுவாச் சுத்துடா! கையி கழண்டுரும்!

— இன்னஞ் சுத்து! பொகையே வரலை. யப்பா, பொகை விடு!

— எப்புடிடி விடுறது?

— இருமு. விடிஞ்சு எந்திரிச்சதும் இருமுவியே, அப்புடி.

— லொக்கு... லொக்கு... லொக்கு...

— ம், இப்பத்தான் பொகை வருது! ஏறுங்க, ஏறுங்க! டிக்கெட்டுக்குப் புளியங்கொட்டைதான் அம்மன் காசு. ஓட்டாஞ்சில்லு செல்லாது. பெரியாத்தா, ஒனக்கு டிக்கெட்டு வேணுமா?

— ஏங் காலுக்கு நான் எங்கடி ஏறுறது? இங்கனயே இருந்து கூழைக் கிண்டுறேன். நீ வண்டியை விடு.

— அடியே, ஆறு பேரா! முதுகு தாங்காதுடி!

— கல்லுத் தூக்குறியில்ல? நாங்க கல்லைவிடக் கனமா?

— கல்லு உதைக்காதுடி கழுதை!

— பஸ்ஸு மறுபடியும் பேசுது, பெரியாத்தா!

— பேசுற பஸ்ஸுக்குக் கூழு கெடையாதுன்னு சொல்லு.

— மேடு வந்துருச்சு! எல்லாரும் எறங்கித் தள்ளுங்க! யப்பா, நீ நவுரப்படாது. மேட்டுல கரி பஸ்ஸு நின்னுரும். நாங்க தள்ளுனாத்தான் போகணும்.

— தள்ளுங்கடா சாமிகளா, தள்ளுங்க. முட்டி போச்சு. ராக்கன் கேட்டா நானும் கல்லுல விழுந்தேன்னுதான் சொல்லணும்.

— ஏ தம்பி, எந்திரி. பொழுது சாஞ்சுருச்சு, மத்த பிள்ளைகளையெல்லாம் வீட்டாளுக கூட்டிட்டுப் போயிட்டாக. பஸ்ஸைக் கொட்டகையில விட்டாச்சு, இந்தா, கூழைக் குடி.

— குடுக்கா. பாறை பொளந்த அன்னைக்குக் கூட இப்புடி ஒடம்பு வலிச்சதில்லை. இம்புட்டுச் சிரிச்சதும் இல்லைன்னு வையி. ஆமா, இந்தப் பேச்சையெல்லாம் எம் பிள்ளை எங்க வச்சிருந்துச்சு? வீட்டுல நான் ஊமையையில்ல வளக்குறேன்னு நெனச்சேன்.

— ஊமையா? அப்பா ஆத்தா வெளையாட்டுன்னா இவதான் ஆத்தா. ஒருத்தனை அப்பனாப் படுக்க வச்சிருவா. மத்ததுகளையெல்லாம், 'உஸ்ஸு, சத்தம் போடாத, கல்லு உடைச்சிட்டு வந்து படுத்திருக்கு'ன்னு வெரட்டுவா.

— அப்புடியா சொல்லுவா?

— தெனமும். கூழு ஆறுது, குடி.

— யக்கா, இனிமே வெறகு கெடையாதுன்னு மீனம்மாகிட்டச் சொல்லிரு. ஏம் முறைக்கு நானே வாரேன். ஆனா ஒண்ணு. வான்னு சொல்லியிருந்தா வந்திருப்பேன்ல? பேரை வெட்டுவோம்னு மெரட்டியிருக்க வேணாம்.

— அதைத்தான் காலையிலேருந்து ஒங்கிட்டக் கேக்கணும்னு இருக்கேன். பேரை வெட்டணும்னா மொதல்ல எழுதியிருக்கணும். இந்தக் கொட்டகையில நோட்டு ஏது? எழுதத் தெரிஞ்சவ ஆரு இருக்கா? பேரு வெட்டுறதெல்லாம் ஒங்க குவாரி மேஸ்திரி வேலை. நாங்க ஒண்ணுமே சொல்லி விடலை, கேட்டியா?

— என்னக்கா சொல்ற?

— இன்னைக்கு ஒம் முறைகூட இல்லை தம்பி, வீரய்யா வீட்டு முறை. அவன் பொண்டாட்டி வந்தா. நீ பஸ்ஸா நின்னதைப் பாத்துட்டு, சிரிச்சுக்கிட்டே களையெடுக்கப் போயிட்டா. வந்தவனை எதுக்குத் திருப்பணும்னு நானும் வாயை மூடிக்கிட்டேன்.

— அடப் பாவி அக்கா! மேஸ்திரிகிட்ட ஒரு சொல்லுச் சொல்லாம வந்துட்டேனே! ஏம் பேரையில்ல அந்தாளு வெட்டிருவாரு!

— மேஸ்திரி பொண்டாட்டியும் தன் பிள்ளையை இங்க விடலாமான்னு கேட்டுக்கிட்டு இருக்கா. அவர்கிட்ட நான் பேசிக்கிறேன். அது கெடக்கட்டும். ஒங்கிட்ட ஆரு வந்து சொன்னா?

— இவதான்! நேத்துக் கஞ்சி குடிக்க உக்காந்தேன். அதிசயமா எதுக்க வந்து நின்னு வாயைத் தெறந்தா. முறைக்கு வரலைன்னா பேரை வெட்டிருவாகளாம், பெரியாத்தா சொல்லச் சொன்னுச்சுன்னா. அம்புட்டுத்தான், போயிப் படுத்துக்கிட்டா.

— நான் சொல்லச் சொன்னேனா? அடியே அழகி! அங்க என்ன தூணைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற? இங்கிட்டு வா. ஏங் கண்ணைப் பாத்துச் சொல்லு.

— யப்பா, நாளைக்கும் ஒம் முறைதானாம். பெரியாத்தா சொல்லச் சொன்னுச்சு.