ஒரே வீட்டில் வசிப்பவர்கள்

கொரியத் தொடர்களைச் சப்டைட்டிலோடுதான் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. டப்பிங்கில் பார்ப்பவர்கள் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் கிடையாது. விவரம் தெரியாதவர்கள், பாவம் என்று விட்டுவிடுவேன்.

நீங்கள் கஸ்டமர் கேரில் இருக்கிறீர்கள், உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும். கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய போனுக்கு ஓடிபி வரும், அதைச் சொன்னால்தான் கணக்கை மறுபடி எங்கள் வீட்டு டிவிக்கு மாற்ற முடியும் என்றீர்கள். அந்த போன் இப்போது என் நாத்தனாரின் கைப்பையில் இருக்கிறது. அவள் என் வீட்டுக்காரரோடு ரயில் நிலையத்திலிருந்து காரில் வந்துகொண்டிருக்கிறாள். வரும்வரை லைனில் இருக்கிறேன் என்றீர்கள், நல்ல பிள்ளை. கணக்கு ஏன் வேறு ஊருக்குப் போனது, இப்போது ஏன் திரும்பி வருகிறது என்று காரணம் பதிவு செய்ய வேண்டும் என்றும் கேட்டீர்கள். சொல்கிறேன். மாமியார் ஹாலில் கண்ணயர்ந்திருக்கிறார், அதனால் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாகத்தான் பேச முடியும்.

நான் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் உட்கார்ந்திருப்பவள். வலிக்காது என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். உள்ளே ஒருவர் அலறுவது கேட்கும்போதே வெளியே இருப்பவரிடம், "ஒண்ணுமில்லீங்க, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்" என்று முகம் மாறாமல் சொல்லத் தெரிய வேண்டும். எனக்கு அது நன்றாக வரும். டாக்டரே பாராட்டியிருக்கிறார்.

கணக்குக்குப் பணம் போவது என் வீட்டுக்காரரின் கார்டிலிருந்து. ஆனால் புது டிவி வந்த அன்று உட்கார்ந்து எல்லாவற்றையும் ஏற்பாடு செய்தவள் நாத்தனார். யாருடைய போன் எண்ணைக் கொடுத்தாள் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. இந்த விவகாரத்தில் நான் செய்த ஒரே தவறு அதுதான்.

எங்கள் திட்டத்தில் ஒரே நேரத்தில் இரண்டு திரைகள்தான். மாமியார் ஹாலில் சமையல் போட்டி பார்ப்பார், சாப்பிட்டதும் நாற்காலியிலேயே தூங்கிவிடுவார். அதற்கப்புறம் நாத்தனார் அவள் அறையில், நான் சமையலறையில், சர்க்கரை டப்பாவில் டேப்லெட்டைச் சாய்த்துவைத்துக்கொண்டு. யாருக்கும் யாரோடும் வம்பில்லை. சொல்லப்போனால் உங்கள் நிறுவனத்தோடுதான் எனக்கு மனத்தாங்கல். நல்ல தொடராக ஒன்றை ஆரம்பித்தால் முதல் சீசன் உங்களிடம் இருக்கிறது, இரண்டாவது வேறொருவரிடம் இருக்கிறது, மூன்றாவதைத் தேடினால் 'உங்கள் பகுதியில் கிடைக்காது' என்று வருகிறது. எந்தப் பகுதியில் கிடைக்கும் என்று சொன்னால் மூட்டை கட்டிக்கொண்டு அங்கேயே போய்விடுவேன். அதைவிடக் கொடுமை, 'இந்த மாத இறுதியில் நீக்கப்படும்' என்ற அந்தச் சிறிய எழுத்து. மனிதர்கள் பாதி பார்த்துக்கொண்டிருக்கும்போது இப்படியா செய்வது?

நான் பாதியில் விட்டிருப்பது சலவைக்கடைத் தொடர், அதன் கீழும் இப்போது அந்த எழுத்து வந்துவிட்டது. நாயகி சலவைக்கடை வைத்திருக்கிறாள். நாயகன் அரசு வக்கீல், கறை படிந்த கோட்டோடு வருகிறான், லாரி மோதி நினைவை இழக்கிறான். சோப்பு வாசனை மட்டும் நினைவிருக்கிறது. அவனுடைய அம்மா குறுக்கே நின்று இருவரையும் பிரிக்கிறாள். அந்தம்மாவைத் திரையில் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இரண்டு உள்ளங்களைப் பிரிக்க எப்படித்தான் மனசு வருகிறதோ.

ஒருநாள் மாமியார் தூங்கிய பிறகும் 'அதிகமான திரைகளில் பார்க்கிறீர்கள்' என்று வந்தது. யாரடா மூன்றாவது ஆள் என்று கணக்குக்குள் போய்ப் பார்த்தேன். மூக்குக்கண்ணாடி போட்ட பொம்மை முகத்தோடு புதிதாக ஒரு புரொஃபைல். மாடியில் குடியிருந்த கண்ணாடிக்காரர். தெருமுனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். மாமியாரின் கண்ணாடிக் காம்பு உடைந்தபோது காசு வாங்காமல் சரிசெய்து கொடுத்தவர், நல்ல மனிதர். கட்டடம் முழுவதற்கும் ஒரே வைஃபை என்பதால் உங்கள் கணக்குப்படி அவரும் எங்கள் வீட்டு ஆளாகிவிட்டார். நாத்தனார்தான் பாஸ்வேர்டைக் கொடுத்திருக்கிறாள். ஒரு பெண் பாஸ்வேர்டைக் கொடுக்கிறாள் என்றால் மற்றதைக் கேட்கவே வேண்டாம்.

அவர் என்ன பார்க்கிறார் என்று பார்த்தேன். சலவைக்கடைத் தொடரைத்தான் பார்த்திருந்தார். டப்பிங்கில். அதுவும் வேகமாக ஓடவிட்டு. மழையில் நாயகன் குடையை நாயகியிடம் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே போகும் காட்சியைத் தாண்டியே போயிருக்கிறார். இப்படிப்பட்டவரிடம் நம் வீட்டுப் பெண்ணை எப்படி ஒப்படைப்பது என்று எனக்கு உண்மையிலேயே கவலையாகிவிட்டது.

அந்த வாரமே அவர் மருத்துவமனைக்கு வந்து என் மேஜை முன்னால் கைகட்டி நின்றார்.

"அண்ணி, அவங்க அண்ணன்கிட்ட நீங்கதான் பேசணும். நீங்க சொன்னா அவர் கேப்பார்."

"நான் பாத்துக்கறேன் தம்பி. நீங்க அவசரப்பட்டு எதுவும் பேசிடாதீங்க."

அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். பெண்ணுக்குக் கல்யாணமானால் வேறு வீட்டுக்குப் போவாள், வேறு வீட்டுக்குப் போனால் உங்கள் விதிப்படி கணக்கிலிருந்தும் போய்விடுவாள். இவள் போவதோ மாடிக்கு. அதே வைஃபை. போதாததற்கு அவரும் சேர்ந்துகொள்வார், நாளைக்குப் பிள்ளைகளும் வரும். என் ஆயுசு முழுக்க அந்த அறிவிப்பைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். யாராக இருந்தாலும் யோசிக்கத்தானே செய்வார்கள்?

தொடர்களில் வில்லிகள் ஏன் தோற்கிறார்கள் என்பதைப் பற்றியும் எனக்கொரு கருத்து உண்டு. ஆர்ப்பாட்டம்தான் காரணம். முகத்தில் தண்ணீரை ஊற்றுகிறார்கள், பண உறையை நீட்டுகிறார்கள், லாரியை வேறு ஏவிவிடுகிறார்கள். இவ்வளவும் எதற்கு? நான் ஆளுக்கு ஒரு வாக்கியம்தான் சொன்னேன்.

நாத்தனாரிடம், "அவருக்கு இஷ்டமில்லையாம்மா. தங்கச்சி மாதிரி நெனச்சுப் பழகினாராம்" என்றேன். அவரிடம், "வேற எடத்துல பேசி முடிச்சாச்சு தம்பி, அவளும் சரின்னுட்டா" என்றேன். மருத்துவமனைக் குரலிலேயே சொன்னேன். இருவரும் நம்பினார்கள். இந்தக் காலத்தில் போன் இருக்கிறதே என்பீர்கள். மானம் என்று ஒன்றும் இருக்கிறது, அது போனை எடுக்க விடாது. படிக்கட்டில் நேருக்கு நேர் பார்த்துவிட்டால்தான் ஆபத்து. அதனால் நாத்தனாரை அவள் சித்தி வீட்டுக்கு ஒத்தாசைக்கு அனுப்பிவைத்தேன். அவள் திரும்புவதற்குள் அவர் மாடியைக் காலிசெய்துவிட்டார். சாவியைக் கொடுக்க வந்தவர் அவள் அறை ஜன்னலை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். உள்ளே போய் அவருடைய புரொஃபைலை நீக்கினேன்.

மாப்பிள்ளை பார்த்ததும் நான்தான். குளிர்பதனக் கிடங்கில் மேற்பார்வையாளர், அதிகம் பேசாதவர். ஊர் ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போகிற தூரம். நான் கேட்டது ஒரே கேள்வி.

"வீட்ல இன்டர்நெட் இருக்குங்களா?"

"இருக்குங்க, தனி லைன்."

எனக்கு மனசு நிறைந்துவிட்டது. நாத்தனாரின் வசதியை எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிறாள் என்று மாமியார் எல்லோரிடமும் என்னைப் பற்றிச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். அவளோ யாரைக் காட்டினாலும் தலையாட்டுகிற நிலையில் இருந்தாள். கல்யாணம் முடிந்து வழியனுப்பும்போது அவளைவிட நான்தான் அதிகம் அழுதேன். அன்றைக்குச் சாயங்காலம் ஹாலில் பெரிய திரையில், யாருடைய தொந்தரவும் இல்லாமல், இரண்டு எபிசோடுகளைச் சேர்த்துப் பார்த்தேன்.

அப்புறம் நடந்ததுதான் உங்களுக்கே தெரியுமே. நாயகனுக்கு நினைவு திரும்புகிற இடம். சலவைக்கடை வாசலில் வந்து நிற்கிறான், மூச்சை இழுத்து முகர்கிறான், அதோடு பதினான்காவது எபிசோட் முடிகிறது. மறுநாள் டிவியைப் போட்டால், 'இந்தத் தொலைக்காட்சி உங்கள் வீட்டைச் சேர்ந்ததல்ல' என்கிறது. என் வீட்டுச் சுவரில், என் ஆணியில் மாட்டியிருக்கிற டிவியைப் பார்த்து.

நாத்தனாருக்கு போன் போட்டேன்.

"ஐயோ அண்ணி, இத்தன நாளா என் போன்ல பாத்தோம், நேத்து இங்க டிவில போட்டதும் வீட்ட மாத்தவான்னு கேட்டுச்சு, சரின்னு குடுத்துட்டேன். நீங்க புதுசா ஒண்ணு எடுத்துக்கோங்களேன். அவருக்கு அந்த சலவைக்கடை சீரியல் அவ்வளவு புடிச்சுப் போச்சு. நேத்து உக்காந்து அழறார் அண்ணி."

"சப்டைட்டிலோடயா?"

"ஆமா. ஒரு வார்த்தை விட்டாலும் பின்னாடி போய்ப் பாக்கறார்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். மாடி காலியான நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. ஒரே போர்வையைப் போர்த்திக்கொண்டு பார்க்கிறார்களாம். அவர் டீ போட்டுக் கொண்டுவந்து கொடுப்பாராம். கேட்டு எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது என்னுடைய பதினைந்தாவது எபிசோட்.

புதுக் கணக்கு திறக்க இரண்டே நிமிடம் என்று நீங்களும் சொன்னீர்கள். என் வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார், கார்டைக்கூட எடுத்து மேஜையில் வைத்தார். பணமா பிரச்சினை? நான் அழுத இடம், நிறுத்திய இடம், இரண்டாவது தடவை பார்த்த இடம் எல்லாம் அந்தக் கணக்கில் இருக்கிறது. என் வாழ்க்கையை அங்கே வைத்துவிட்டு, புதிதாக வந்தவளைப் போல 'உங்களுக்கு எந்த மாதிரித் தொடர்கள் பிடிக்கும்?' என்ற கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டுமா? இல்லை, ஓடிபியைச் சொல்லம்மா என்று அவளிடம் போனில் கெஞ்ச வேண்டுமா? எனக்கும் ரோஷம் இருக்கிறது.

தவிர, மனசாட்சி என்றும் ஒன்று இருக்கிறதே. மாதக் கடைசி நெருங்க நெருங்க அது என்னைத் தூங்கவிடவில்லை. அந்தப் பெண்ணிடம் உண்மையை மறைப்பது பாவம் என்று தோன்றியது. போன வாரம் கூப்பிட்டேன்.

"அவர் உன்ன வேணாம்னு சொல்லவே இல்லம்மா. உன்னையேதான் நெனச்சுட்டிருந்தார்."

"அப்ப ஏன் அண்ணி அப்படிச் சொன்னீங்க?" என்றாள்.

"சொல்லச் சொன்னாங்க, சொன்னேன். பெரியவங்க பேர இழுக்க வேணாம் விடு."

நான் யார் பெயரையும் சொல்லவில்லை. இந்த வீட்டில் பெரியவர் என்று இருப்பது மாமியார் ஒருவர்தான் என்றால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்? மகள் தன்னோடு ஒரு வாரமாகப் பேசாதது ஏன் என்று தெரியாமல், அவளுக்குப் பிடித்ததாகச் சமைத்துவைத்துவிட்டுத்தான் தூங்குகிறார்.

நாத்தனாருக்கு ஒளித்துவைக்கத் தெரியாது. எல்லாவற்றையும் மாப்பிள்ளையிடம் சொல்லியிருக்கிறாள். அவர் டிவியை அணைத்துவிட்டு, "போய்ட்டு வா. என்ன முடிவுன்னாலும் நீதான் எடுக்கணும்" என்றாராம். ரயில் நிலையத்தில் பெட்டியை ஏற்றிவைத்தவரும் அவர்தானாம். தங்கமான மனிதர். என் தேர்வு சோடை போகவில்லை.

கண்ணாடிக்காரர் போன மாதம் பல் சுத்தம் செய்ய எங்கள் மருத்துவமனைக்கு வந்திருந்தார். கூடவே ஒரு பெண்ணும் வந்திருந்தாள். அடுத்த வாரம் கல்யாணமாம், போட்டோவில் நன்றாகச் சிரிக்க வேண்டும் என்று வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார். வாழ்த்திவிட்டு டோக்கன் கொடுத்தேன். இதை நாத்தனாரிடம் சொல்லவில்லை. அவள் கேட்கவில்லையே.

ஒரு நிமிடம். கார் சத்தம் கேட்கிறது. லைனில் இருங்கள்.

வந்துவிட்டாள். வாசலிலேயே என்னைக் கட்டிக்கொண்டு, "நீங்க ஒருத்தராவது உண்மைய சொன்னீங்களே அண்ணி" என்றது உங்களுக்கும் கேட்டிருக்கும். அம்மாவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அறைக்குள் போய்க் குப்புறப் படுத்துக்கொண்டாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அழுகிறவளிடம் போய் எதையும் கேட்கக் கூடாது என்று கைப்பையிலிருந்து போனை நானே எடுத்துக்கொண்டேன். அனுப்புங்கள்.

மன்னியுங்கள், குறுக்கே அவள் போனுக்கு ஒரு அழைப்பு வந்துவிட்டது. மாப்பிள்ளை. பாவம், வந்து சேர்ந்தாளா என்று கேட்கத்தான் இருக்கும். ஓடிபி வருகிற நேரமாயிற்றே, துண்டித்துவிட்டேன். மறுபடி அடிக்கிறார். போனை எடுத்து ஒரு வார்த்தை பேசினால் மனசு மாறி இன்றைக்கே கிளம்பினாலும் கிளம்பிவிடுவாள், அந்த மாதிரிப் பெண் அவள். அவர் எண்ணை பிளாக் செய்துவிடுகிறேன், அதுதான் எல்லோருக்கும் நிம்மதி.

வந்துவிட்டது. ஒன்பது, நான்கு, நான்கு, ஏழு. எழுதிக்கொண்டீர்களா?

அந்த அறையிலிருந்து அழுகைச் சத்தம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. அவளுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது, டிவியைச் சத்தம் குறைத்து வைத்துத்தான் பார்ப்பேன். கூடப் பிறக்காவிட்டாலும் அவள் எனக்குத் தங்கை மாதிரி.