கரி மூடிய அறிவிப்பு

கூட்டத்தின் தலைவர், நெசவாளர் சங்கத்துச் சங்கரபாண்டியன் அவர்களே! தறிக்குழியிலிருந்து எழுந்து, முதுகை நிமிர்த்திக்கொண்டு வந்திருக்கும் பெரியவர்களே! பாவுக்குப் பூசிய கஞ்சி கையில் காயுமுன் ஓடிவந்திருக்கும் தாய்மார்களே! திருச்சுழி பஸ்ஸை விட்டு இறங்கி நின்று கேட்கும் அயலூர் நண்பர்களே! வருகிறேன் என்று வாக்குக் கொடுத்து வராமல் போன அதிகாரியின் காலி நாற்காலியே! உனக்கும் வணக்கம். நீயாவது கேள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்னால், நாம் பாவு விரிக்கும் பாவடிக்குப் பக்கத்தில் சுண்ணாம்புச் சூளை வந்தது. அதை எரிக்க நிலக்கரி லோடு லோடாக வந்தது. என்ன சொன்னார்கள்? தற்காலிகம் என்றார்கள். மூன்றே ஆண்டு என்றார்கள். முடிந்ததும் மூட்டை கட்டுவோம் என்றார்கள். கட்டினார்களா? இன்னும் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு அரசாங்கம் அனுமதி எழுதுகிறது! இருபத்தைந்து ஆண்டு தற்காலிகம் என்றால், நிரந்தரம் என்ற சொல்லுக்கு அவர்கள் அகராதியில் என்னதான் பொருள்?

பின்வரிசையில் யார், தங்கசாமி மாமாவா? "இருவத்தஞ்சு வருசம் நாம இருப்பமா தாயி?" என்கிறீர்கள். இருப்பீர்கள் மாமா. உங்கள் வெள்ளை வேட்டிதான் இருக்காது.

நாம் தறிக்கான நூலைப் பாவாக நீள விரித்துக் கஞ்சி பூசுகிறோம். ஈரம் காய்வதற்குள் கரித்தூள் வந்து உட்காருகிறது. உட்கார்ந்தது எழுந்திருக்குமா? காய்கிற கஞ்சி அதை நூலோடு சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. வெள்ளையாய் விரித்த பாவைச் சாம்பலாய்ச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறோம். இந்த ஓர் இடத்தை விட்டால் இத்தனை தெருத் தறிகளுக்கும் பாவு விரிக்க வேறு இடம் ஏது?

இதைப் பார்வையிட, இன்று வராத அதே அதிகாரி ஒருமுறை வரத்தான் செய்தார். எப்போது? ஆண்டுக்கு எண்ணி ஆறு நாள் மழை பெய்கிற ஊர் நம் ஊர். அந்த ஆறில் ஒன்றைத் தேடிப் பிடித்து, குடையோடு வந்தார். ஜீப்பை விட்டு இறங்காமலே எழுதினார்: 'தூசி காணப்படவில்லை.' ஆகா, என்ன கண்! மழையில் தூசி தேடிய இந்த மேதையைச் சித்திரை வெயிலில் நம் கண்மாய்க்கு மீன் எண்ண அனுப்பலாமே!

அனுமதிக்கு ஆட்சேபம் உண்டா என்று நம்மையும் கேட்டார்களாம். எங்கே? சூளையின் சுவரில் ஒட்டிய தாளில்! ஒட்டிய மறுநாளே கரி மூடிவிட்டது. நாற்பது நாள் அதைக் கடந்து நடந்தோம். போன வெள்ளிக்கிழமை, பாவு ஓட்டும் சங்கரம்மாள் கஞ்சிப் பானையோடு போனவர், கால் இடறிச் சுவரில் சாய்ந்தார். கொட்டிய கஞ்சியைத் துடைத்தார். துடைத்த இடத்தில் எழுத்துத் தெரிந்தது.

"ஏத்தா, இங்கன வந்து பாரு. செவுத்துல என்னமோ எழுதியிருக்காக," என்று என்னைக் கூப்பிட்டார். படித்துக் காட்டினேன்.

"நம்மகிட்டயா கேட்டிருக்காக? கேக்குறவுக, வாயில கரியப் பூசிக்கிட்டா கேப்பாக?"

அந்தக் கேள்வியோடு அதிகாரியின் அலுவலகத்துக்குப் போனோம். எழுத்தர் சிரித்தார். "இன்னிவரைக்கும் ஒருத்தரும் ஆட்சேபிக்கலையேம்மா. அப்ப ஊருக்கே சம்மதம்னுதான அர்த்தம்?"

கேட்டீர்களா தாய்மார்களே! வாயைப் பொத்துவார்களாம், பிறகு, பேசவில்லை என்று எழுதுவார்களாம். பொத்திய கை யாருடையது என்று அதே தாளில் எழுத வேண்டாமா?

அதோ, சூளையில் கரி சுமக்கும் மாரிக்கனி ஓரமாய் நிற்கிறார். வேலை போய்விடும் என்று தெரிந்துதான் வந்திருக்கிறார். சற்று முன் என்னிடம் சொன்னார்: "நான் பகல்ல சுமந்து கொட்டுறதுதான்க்கா எம் பொண்டாட்டி பாவுல வந்து விழுகுது. எனக்கும் ஒரு மனுத் தாளு குடுங்க." ஜீப்பில் வந்தவருக்குத் தெரியாதது, சுமக்கிறவருக்குத் தெரிகிறது!

ஆட்சேபம் சொல்ல நாளை மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது. மனு இந்த மேசையில் இருக்கிறது. எழுதத் தெரிந்தவர்கள் கையெழுத்துப் போடுங்கள். மற்றவர்கள் கைநாட்டு வையுங்கள். மைப்பெட்டியைக் காணோமே என்று தலைவர் தேடுகிறார். வேண்டாம் ஐயா. அதிகாரிக்காக இந்த நாற்காலியைக் கூட்டம் தொடங்கும்போதுதான் துடைத்துப் போட்டோம். அதற்குள் கரி படிந்துவிட்டது பாருங்கள். கட்டைவிரலை அதில் வைத்து எடுங்கள். மை தயார்!

காணப்படவில்லை என்று எழுதினாரே, அந்தத் தூசியே நாளை அவர் மேசையில் நம் விரல் விரலாகக் காணப்படட்டும்.

இவ்வளவு நேரம் வெயிலையும் என் பேச்சையும் பொறுத்த உங்கள் அனைவருக்கும் நன்றி. வணக்கம். சங்கரம்மாள் முதலில் வரட்டும்.